வந்தேறி: வடசிலாங்கூர்த் தோட்டத் தமிழரின் பெயர் வரலாறு

வடசிலாங்கூர்த் தோட்டத் தமிழர் என்போர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோலசிலாங்கூர் மாவட்டத்திலும் அதை ஒட்டிய உலு சிலாங்கூர்ப் பகுதியிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழரும் அவர்களின் வழிவந்தோரும் ஆவர். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை ஆகியவை இவர்கள் வாழும் முதன்மையான ஊர்கள். பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பழையவர்கள் வாயில் பழைய பெயரே நிற்கிறது.

நான்கைந்து தலைமுறையாக இம்மண்ணில் பிறந்து வளர்ந்தும் இவர்கள்மேல் ‘வந்தேறி’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலாயில் அதைப் ‘பெண்டாத்தாங்’ என்பார்கள். இதே கரையில், ஏறத்தாழ இதே காலத்தில், வேறு கடல்வழியாக வந்து இறங்கிய மக்கள் மண்ணின் மைந்தர் ஆனார்கள். ஒருவர் வந்த ஆண்டு அவரை வந்தேறி ஆக்குவதில்லை. எங்கே குடிவைக்கப்பட்டார், எந்தச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டார் என்பதே ஆக்குகிறது. வடசிலாங்கூரின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

கரைக்கு வந்தவர்கள்

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் புக்கிட் மெலாவத்தி என்ற குன்று இருக்கிறது. சிலாங்கூர் அரச மரபின் தொடக்க காலக் கோட்டை அங்கேதான் இருந்தது. 1784இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்ற, அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டார். அந்த அரச மரபு சுலாவேசித் தீவின் பூகிசு மக்கள் வழியில் வந்தது. பின்னர் ஜாவாவிலிருந்தும் போர்னியோவின் தென்பகுதியிலிருந்தும் ஜாவானியரும் பஞ்சாரியரும் வந்து காடு வெட்டித் தென்னையும் பாக்கும் வைத்தார்கள். தஞ்சோங் காராங் சதுப்பு நிலம் 1930களில் நெல்வயலானபோது அங்கே குடியேறியவர்களிலும் இவர்கள் பலர்.

இவர்கள் மலாய்க்காரர் ஆனதற்கு ஒரே மதமும் உறவான மொழியும் பெரிய காரணம். அதே அளவுக்குப் பெரிய காரணம் நிலம். 1913ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், மலாய் இனக்குழு ஒன்றைச் சேர்ந்து, மலாய் மொழியையோ அதைச் சார்ந்த மொழியையோ பேசி, இஸ்லாத்தைப் பின்பற்றுபவரை மலாய்க்காரர் என்று வரையறுத்தது. நேற்றுக் கரை இறங்கிய ஜாவானியரும் அந்த வரையறைக்குள் வந்தார். சொந்தக் காணி கிடைத்தது. காணி கிடைத்த இடம் கம்பம், அதாவது மலாய்ச் சிற்றூர், ஆனது. கம்பத்தில் பிறந்த பிள்ளை ஊர்ப்பிள்ளை ஆனது. நாடு விடுதலை பெற்றபோது எழுதிய அரசமைப்பின் 160ஆம் விதியும் மதம், மொழி, வழக்கம் ஆகிய மூன்றைக் கொண்டே மலாய்க்காரர் யார் என்று சொல்கிறது. ஜாவானியர்மீது குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களும் வியர்வை சிந்தியே காட்டை வயலாக்கினார்கள். தமிழருக்கு அந்தக் கதவு திறக்கப்படவில்லை என்பதே இங்கே சொல்ல வேண்டியது.

‘அடக்கமான கூலி’

ரப்பர் விலை ஏறிய 1900களின் முதல் பத்தாண்டில் சிலாங்கூர்க் கடலோரக் காடுகள் தோட்டங்களாக வெட்டப்பட்டன. ஆள் சேர்க்கும் பொறுப்பு கங்காணியிடம் விடப்பட்டது. அவர் தன் ஊருக்கே போய் உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து வந்தார். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் ‘தலைக்காசு’ கிடைத்தது. ஆள் ஓடிப்போனால் காசும் போகும். ஆகவே ஓடாமல் பார்த்துக்கொள்வது அவர் பிழைப்பாயிற்று. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் கட்டிய வரியிலிருந்து கப்பல் செலவு போனது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களில் கணிசமானோர் ஆதிதிராவிடர். ஏனையோரில் பலரும் நிலமற்ற உழைக்கும் சாதியினர்.

அந்தக் காலத்துத் தோட்ட முதலாளிகளின் எழுத்தில் மூன்று முத்திரைகள் திரும்பத் திரும்ப வரும். மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் உழைப்பாளி ஆனால் அடங்காதவர், தமிழர் அடக்கமானவர். இந்த முத்திரைகள் யாருக்குப் பயன்பட்டன என்பதைச் சமூகவியலாளர் சையத் உசேன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட ‘சோம்பேறிப் பூர்வகுடி என்னும் கட்டுக்கதை’ என்ற ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்தார். தோட்டக் கூலிக்குப் போக மறுத்துத் தன் வயலில் உழைத்தவரைச் சோம்பேறி என்றார்கள். போவதற்கு வேறு இடமில்லாமல் லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டில் கிடந்தவரை அடக்கமானவர் என்றார்கள். கடன், கங்காணியின் பிடி, மொழி தெரியாத நாடு, சாதிக் கொடுமையிலிருந்து தப்பி வந்தவன் திரும்பிப் போக அஞ்சும் ஊர் ஆகியவை எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய நிலையை ஓர் இனத்தின் குணம் என்று எழுதிவைத்தார்கள்.

லயமும் கள்ளுக்கடையும்

தோட்டம் தனக்குள் முடிந்துவிட்ட உலகம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். கணக்கெழுதும் கிராணி பேரேட்டில் குறிப்பார். பால்மரம் சீவப் போனவர்கள் மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து எடுத்து வந்து நிறுக்க வேண்டும். கைப்பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில் கிடக்கும். லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில், சற்றுத் தள்ளி மளிகைக்கடை, அதற்கும் அப்பால் கள்ளுக்கடை. கம்பத்துக்குப் போக வேண்டிய தேவையே வராதபடி எல்லாம் உள்ளேயே இருந்தன. மலாய்க்காரரோடும் சீனரோடும் பழக வாய்ப்பில்லாத வாழ்க்கை அது. பிற்காலத்தில் ‘தமிழர் பிறரோடு கலக்கமாட்டார்கள்’ என்று சொன்னவர்கள், கலக்க முடியாதபடி வேலி போட்டது யார் என்று கேட்கவில்லை.

கள்ளுக்கடை தனியே பேச வேண்டிய செய்தி. கள் விற்பனை அரசு உரிமத்தோடு, தோட்ட நிர்வாகத்தின் ஏற்பாட்டோடு நடந்தது. கூலி கொடுத்த கையே அதில் ஒரு பங்கைக் கள்ளுக்கடை வழியாகத் திரும்ப வாங்கிக்கொண்டது. ‘குடிகாரத் தமிழன்’ என்ற பழி அந்தக் கடையின் படியில் பிறந்தது. கடையை மூடச் சொல்லிக் குரல் எழுப்பியவர்களில் தோட்டத் தமிழர்களும் உண்டு.

பள்ளிக்கூடத்தின் நிலையும் இதுபோலத்தான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல இடங்களில் ஒரே கொட்டகையில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புக்கும் பாடம் சொன்னார். அந்தக் கல்வி பால்மரத்தடிக்கு மேல் அழைத்துப் போகும் அளவுக்கு இல்லை. ஆனால் தமிழ் எழுத்து அடுத்த தலைமுறைக்குப் போனது அந்தக் கொட்டகைகளால்தான். தென்னமரம், புக்கிட் ஈஜோக், ரிவர்சைடு முதலிய தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இந்த வரலாற்றின் எச்சங்கள்.

தென்னமரம் என்ற பெயருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மலேசியாவில் வாணிப நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது இத்தோட்டத்தில்தான். ஆண்டு 1917. நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோன்யே. மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. நாட்டுப் பொருளாதாரத்தைத் தாங்கிய பயிரின் முதல் தோட்டம் தமிழ்ப் பெயரோடு நிற்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முத்திரை உடைந்த ஆண்டு

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் பின்னால் நின்றது. அதன் தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன் ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றியவர். போராட்டம் சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். வெள்ளைக்கார மேலாளரான துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்கச் சொன்னார்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையைக் கூலிக் கணக்கில் சேர்க்க முடியாது. மனிதனாக நடத்து என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்தனர். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அடக்கமானவர்கள் என்று எழுதிவந்த முதலாளிகள், வெளியார் தூண்டிவிட்டதால் வந்த கலகம் என்று பேசினார்கள். முத்திரை பொய் என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டு ஜப்பானியர் ஆட்சி. தோட்டங்களிலிருந்து ஆண்கள் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அந்தக் காலத்தைப் பேசுகிறது.

தாளும் நிறமும்

1957இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமை தாளில் வந்தது. தோட்டத்துக்குள்ளேயே வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தாளின் அருமையை எடுத்துச் சொல்ல ஆளில்லை. விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும், பிறந்ததற்குச் சான்று தேடவும் வழியில்லாமல் பலர் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதி வேண்டும் என்றதும், பால்மரம் சீவியே கை காய்த்தவர்கள் வெளிநாட்டார் ஆனார்கள். ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூரில் போய் இறங்கியபோது அங்கே ‘மலேயாக்காரர்’ ஆனார்கள். இரண்டு கரையிலும் அவர்கள் வேற்றூரார்தான்.

பெயர்களின் வரலாறும் வேதனை தருவது. கலிங்கத்திலிருந்து வந்த ‘கெலிங்’ என்ற சொல் பழைய மலாய் இலக்கியத்தில் தென்னிந்தியரை மரியாதையோடு குறித்தது. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. தோட்டக் காலத்தில் அதே சொல் வசவு ஆனது. 2011இல் அப்துல்லா உசேனின் ‘இன்டர்லோக்’ நாவல் சிலாங்கூர் உள்ளிட்ட பகுதிகளில் ஐந்தாம் படிவப் பாடநூலானபோது, குடியேறிய தமிழரை ஒரு சாதிப் பெயரால் சுட்டிய பகுதிக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆண்டு இறுதியில் நூல் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. எதிர்த்தது நியாயம். ஆனால் அந்தச் சாதிப் பெயரை வசவாக்கியது மலாய்க்காரர் அல்ல என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. லயத்திலும் கோயிலிலும் சாதி பார்த்தவர்கள் நாமே.

கலந்தவை

கலக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மொழியே மறுமொழி சொல்கிறது. மலாயில் கடை ‘கெடாய்’, கப்பல் ‘காப்பால்’, சுருட்டு ‘செருத்து’. தோட்டத் தமிழில் ரப்பர் ‘கித்தா’. அது மலாய்ச் சொல். சந்தை ‘பசார்’, மேற்பார்ப்பவர் ‘மண்டோர்’. காலையில் நாசி லெமாக் வாங்கிப் பசியாறும் தமிழர், வீட்டில் சாம்பாரோடு சம்பலும் வைப்பார். இதுதான் ஒன்றுகலப்பு. மதத்தையும் மொழியையும் விட்டால்தான் கலந்ததாகக் கணக்கு என்றால், அந்தக் கணக்கு தவறு.

தோட்டத்துக்கு வெளியே

ரப்பர் செம்பனைக்கு இடம் விட்டதும் ஆள் தேவை குறைந்தது. தோட்டங்கள் கைமாறின, வேலையோடு சேர்ந்து வீடும் போயிற்று, ஏனென்றால் லயம் நிர்வாகத்தின் சொத்து. இந்த ஆபத்தை முன்பே கண்ட அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர் சிறுசேமிப்பில் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கத்துக்கு வெளியே இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடியவர்கள். நகர ஓரத்து அடுக்குமாடிகளில் போய் முடங்கிய பிள்ளைகளுக்குப் புதிய முத்திரை காத்திருந்தது: ‘குண்டர் கும்பல்’.

இன்று செம்பனைக் குலை வெட்டுபவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளிகள். அவர்களும் கடனோடு வருகிறார்கள். முகவருக்குக் காசு கட்டுகிறார்கள். நெருக்கியடித்த அறையில் படுக்கிறார்கள். அவர்கள் அழுக்கு, திருடர்கள், நம் வேலையைப் பறித்தவர்கள் என்ற பேச்சு தோட்டத்து ஊர்களில் தமிழர் வாயிலும் கேட்கிறது. பெயரைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை: சீக்கியரை ‘வங்காளி’ என்று கூப்பிட்டுப் பழகியதால், உண்மையான வங்காளிக்கு ‘பங்களா’ என்று பெயர். நம் தாத்தாவை ‘கெலிங்’ என்று அழைத்த அதே அலட்சியம் இது. இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறரை இப்படிப் பார்க்கும் நம்மவரிலேயே தாள் இல்லாதவர்கள் இருந்தார்கள்: இந்நாட்டிலேயே பிறந்தும் பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாத இந்தியர்களைப் பதிவதற்காக 2011இல் அரசு ‘மைடாஃப்தார்’ என்ற இயக்கத்தை நடத்த வேண்டியிருந்தது. தோட்டத்துப் பெரட்டுப் பேரேடு, பள்ளிச் சேர்க்கைப் புத்தகம், கோயில் நன்கொடைக் கணக்கு, சங்க உறுப்பினர் அட்டை, ரஜுலா கப்பலில் வந்த பாட்டியின் பயணச் சீட்டு என ஒரு குடும்பம் எத்தனை காலமாக இங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் தாள்கள் லயங்களோடு சேர்ந்து அழிந்துகொண்டிருக்கின்றன. வடசிலாங்கூரில் வேர் உள்ள வாசகர்கள் தங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து அவற்றைப் படியெடுத்து, அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியிடம் ஒரு படி கொடுத்துவைக்க வேண்டும்.