17 வயதில் ஓய்ந்த மட்டை

1993 ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் டென்னிஸ். முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறினார் ஜெனிபர் காப்ரியாட்டி. வயது 17. அதன் பிறகு ஓராண்டுக்கும் மேலாக அவர் எந்தத் தொழில்முறைப் போட்டியிலும் ஆடவில்லை!

இவர் சாதாரண வீராங்கனை அல்ல. 14 வயது நிறையும் முன்பே தொழில்முறை ஆட்டத்தில் இறங்கியவர். 1990 ல் பிரெஞ்சு ஓபன் அரையிறுதி வரை சென்றார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்டெபி கிராபை வென்று தங்கம் வாங்கினார். பிறகு ஏன் விலகினார்? விளையாட்டு உலகம் சொன்ன பதில், "பர்ன் அவுட்". அதாவது, ஆசையாகத் தொடங்கிய வேலையே வெறுத்துப் போகும் அளவுக்கு உடலும் மனமும் களைத்துப் போவது.

இந்தச் சொல் விளையாட்டில் பிறந்ததல்ல. நியூயார்க்கில் ஓர் இலவச சிகிச்சை மையத்தில் பணியாற்றியவர்களின் சோர்வைப் பற்றி 1974 ல் எழுதியபோது உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் இதைப் பயன்படுத்தினார். 1986 ல் ரொனால்ட் ஸ்மித் இதை விளையாட்டுக்குப் பொருத்தினார். நீண்ட நாள் மன அழுத்தமே காரணம் என்றார் அவர்.

சமூகவியலாளர் ஜே கோக்லி 1992 ல் இதற்கு மறுப்பு எழுதினார். குறை பிள்ளைகளின் மனதில் இல்லை, அவர்களை விளையாட்டு வீரர் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் வளர விடாத அமைப்பில்தான் இருக்கிறது என்பது அவர் வாதம்.

1997 ல் தாமஸ் ரேடெக் இளம் நீச்சல் வீரர்களை ஆராய்ந்தார். "ஆட ஆசை" என்பது போய் "ஆடியே தீர வேண்டும்" என்று சிக்கிக் கொண்டவர்களிடம் சோர்வு அதிகம் தெரிந்தது. போட்ட முதல் வீணாகிவிடுமே என்று, நட்டத்தில் ஓடும் கடையை மூட மனம் வராத முதலாளியின் நிலைதான் இது!

1998 ல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன் "நேர்மறை உளவியல்" என்ற துறையை முன்வைத்தார். மனிதனிடம் என்ன கெட்டுப்போனது என்று மட்டும் கேட்காமல், எது அவனை நன்றாக வாழ வைக்கிறது என்றும் கேட்கச் சொன்னார். இதில் அவருடன் இணைந்த மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, பாறை ஏறுபவர்களையும் சதுரங்கம் ஆடுபவர்களையும் பற்றி 1975 லேயே நூல் எழுதியவர். பெரிய பரிசு எதுவும் இல்லாமலே இவர்கள் ஏன் இதில் மூழ்குகிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. செய்யும் செயலே தரும் இன்பம் என்று பதில் கண்டார்.

டென்னிஸ் உலகமும் பாடம் கற்றது. 18 வயதுக்கு உட்பட்டோர் ஓராண்டில் இத்தனை போட்டிகள்தான் ஆடலாம் என்ற பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் விதி 1995 ல் நடைமுறைக்கு வந்தது. காப்ரியாட்டியும் திரும்பி வந்தார். 2001 ல் ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன் இரண்டையும் வென்று அதே ஆண்டில் உலகின் முதலிடத்தைப் பிடித்தார்.

எல்லோருக்கும் அப்படித் திரும்பி வரும் வாய்ப்பு கிடைப்பதில்லை. எனவே பிள்ளையின் பதக்கங்களை எண்ணும் முன் பெற்றோரும் பயிற்சியாளரும் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். பரிசே இல்லை என்றாலும், இந்தப் பிள்ளை நாளைக் காலை ஆசையாக மைதானத்துக்கு வருமா?