எச்பிஏ1சி

குளுக்கோஸ் ஒட்டிய ஈமோகுளோபினின் விழுக்காடு. செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சீனியை இது காட்டும். ஊதா மூடிக் குழாயில் கொஞ்ச இரத்தம் போதும், வெறுவயிறு தேவையில்லை. கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாள் வட்டிலப்பம் போன்ற இனிப்பைத் தள்ளிவைக்கும் தந்திரம் இதனிடம் பலிக்காது.

6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு என்பதை உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஏற்றது. பிரித்தானியாவின் யுகேபிடிஎஸ் நீரிழிவு ஆய்வில் (2000) எச்பிஏ1சி ஒவ்வொரு விழுக்காட்டுப் புள்ளி குறைந்ததற்கும், கண், சிறுநீரகம் முதலிய நுண்நாளப் பாதிப்புகள் 37 விழுக்காடு குறைந்திருந்தன. இரத்தசோகை, தலசீமியா, அண்மையில் ஏற்றிய இரத்தம் ஆகியவை எண்ணைப் பிறழவைக்கும்.  

இலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற, முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஊர்களில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: ரமழானில் நோன்பு பிடிக்கலாமா என்று முடிவுசெய்ய வைத்தியர் பார்க்கும் அளவுகளில் இதுவும் ஒன்று. மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற அவகாசம் வேண்டும் என்பதால், ரமழானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே வைத்தியரைக் காண வேண்டும்.