கலிபோர்னியாவில் மருத்துவக் கஞ்சா ஒப்புதல் முறை

மருத்துவக் கஞ்சா ஒப்புதல் என்பது, நோயாளி ஒருவர் நோயின் துன்பத்தைத் தணிப்பதற்காகக் கஞ்சாவைப் பயன்படுத்தச் சட்டப் பாதுகாப்புப் பெறும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இம்முறையை முதன்முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலம் கலிபோர்னியா. இங்கு மருத்துவர் கஞ்சாவுக்கு மருந்துச் சீட்டு எழுதுவதில்லை; பரிந்துரை மட்டுமே வழங்குகிறார். இவ்வேறுபாடே ஒப்புதலின் வலிமைக்கும் அதன் எல்லைக்கும் காரணமாக அமைந்துள்ளது.

வரலாறு

சான் பிரான்சிசுக்கோ நகரில் எய்ட்சு நோய் பரவிய காலத்தில், பசியின்மையாலும் குமட்டலாலும் உடல் மெலிந்த நோயாளிகள் பலர் கஞ்சாவை நாடினர். அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களுள் டென்னிசு பெரோன் குறிப்பிடத்தக்கவர். 1996 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் "முன்மொழிவு 215" சுமார் 55.6 விழுக்காடு வாக்குகள் பெற்றுச் சட்டமானது. 2003 இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மற்றொரு சட்டம், 2004 சனவரி 1 முதல் அடையாள அட்டை முறையை ஏற்படுத்தியது.

பரிந்துரையும் மருந்துச் சீட்டும்

நடுவண் அரசின் 1970 ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவை, ஏற்கப்பட்ட மருத்துவப் பயன் அற்ற பொருள்களுக்குரிய முதலாம் அட்டவணையில் சேர்த்தது. அவ்வட்டவணையில் உள்ள பொருளுக்கு மருந்துச் சீட்டு எழுத இயலாது. மேலும், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதும் உரிமம் நடுவண் அரசின் பதிவைச் சார்ந்தது. எனவே மாநிலச் சட்டம் "பரிந்துரை" என்ற சொல்லைக் கையாண்டது.

கஞ்சாவைப் பரிந்துரைக்கும் மருத்துவர்களின் பதிவு நீக்கப்படலாம் என்று நடுவண் அரசு 1996 இறுதியில் எச்சரித்தது. இதனை எதிர்த்து, எய்ட்சு மருத்துவரான மார்க்கசு கோனன்ட் உள்ளிட்ட மருத்துவர்களும் நோயாளிகளும் வழக்குத் தொடுத்தனர். நோயாளியிடம் தம் மருத்துவக் கருத்தைக் கூறுவது பேச்சுரிமைக்கு உட்பட்டது என ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002 இல் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2003 இல் விசாரணைக்கு ஏற்கவில்லை. ஆயினும் கஞ்சாவைப் பெறுவதற்கு மருத்துவர் நேரடியாக உதவுவதை இத்தீர்ப்பு பாதுகாக்கவில்லை.

ஒப்புதல் பெறும் படிகள்

1. மருத்துவப் பரிசோதனை: மாநில உரிமம் பெற்ற மருத்துவர் நோயாளியைப் பரிசோதித்து, நோயைப் பதிவு செய்ய வேண்டும். புற்றுநோய், எய்ட்சு, கண் அழுத்த நோய், மூட்டழற்சி, நாள்பட்ட வலி, ஒற்றைத் தலைவலி, வலிப்பு, கடுங்குமட்டல், தசை இறுக்கம் முதலியன சட்டத்தில் குறிப்பிடப்பட்டுள்ளன. 1996 ஆம் ஆண்டுச் சட்டம், கஞ்சாவால் தணியக்கூடிய பிற நோய்களையும் ஏற்கிறது.

2. பரிந்துரை: 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாய்மொழிப் பரிந்துரையும் செல்லும். எனினும் அட்டை பெற எழுத்துச் சான்று தேவை.

3. அடையாள அட்டை: இது கட்டாயமன்று. விரும்புவோர் தாம் வசிக்கும் கவுண்டியின் நலத்துறை அலுவலகத்தில் நேரில் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவரின் சான்று, ஒளிப்படத்துடன் கூடிய அரசு அடையாளச் சான்று, வசிப்பிடச் சான்று ஆகியவை இணைக்கப்பட வேண்டும். கட்டணம் 100 டாலருக்கு மிகாது. ஏழைகளுக்கான மாநில மருத்துவ உதவித் திட்டத்தில் உள்ளவர்களுக்குப் பாதிக் கட்டணம்.

4. சரிபார்ப்பு: அலுவலகம் 30 நாட்களுக்குள் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும். மருத்துவரின் உரிமம் செல்லுபடியாகிறதா என்பதும் பார்க்கப்படும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மாநில நலத்துறையிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அட்டையில் ஒளிப்படம், தனி எண், காலாவதி நாள் முதலியன இருக்கும். காவலர் அந்த எண்ணைக் கொண்டு அட்டையின் செல்லுபடியைச் சரிபார்க்க முடியும். அட்டை ஓராண்டு மட்டுமே செல்லும். பின்னர் புதுப்பிக்கப்பட வேண்டும்.

பராமரிப்பாளர்

நோயாளி தம் இருப்பிடம், உடல்நலம் அல்லது பாதுகாப்புக்குத் தொடர்ந்து பொறுப்பேற்றுள்ள ஒருவரை முதன்மைப் பராமரிப்பாளராகக் குறிக்கலாம். கஞ்சாவை வழங்குவதால் மட்டும் ஒருவர் பராமரிப்பாளர் ஆகிவிட மாட்டார் என மாநில உச்ச நீதிமன்றம் 2008 இல் தெளிவுபடுத்தியது.

2016 க்குப் பின்

2016 நவம்பரில் நிறைவேறிய "முன்மொழிவு 64", 21 வயது நிரம்பியோர் மருத்துவப் பரிந்துரை இன்றியே கஞ்சாவைப் பயன்படுத்த வழிசெய்தது. எனினும் மருத்துவ ஒப்புதல் பயனற்றுப் போகவில்லை. 18 முதல் 20 வயது வரையுள்ள நோயாளிகள் கடைகளில் வாங்குவதற்குப் பரிந்துரை தேவை. அரசு அட்டை உள்ளவர்களுக்கு விற்பனை வரியிலிருந்து விலக்கு உண்டு. வெறும் பரிந்துரைக்கு இவ்விலக்குப் பொருந்தாது.

ஒப்புதலின் எல்லைகள்

மாநில ஒப்புதல் நடுவண் சட்டத்தைக் கட்டுப்படுத்தாது. 2002 இல் டயான் மான்சன் என்ற நோயாளியின் வீட்டுக்கு வந்த கவுண்டிக் காவலர்கள், அவர் வளர்த்த 6 செடிகளும் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று கண்டனர். ஆயினும் உடன் வந்த நடுவண் அதிகாரிகள் அவற்றை அழித்தனர். இவரும் ஏஞ்சல் ரேயிச் என்ற நோயாளியும் தொடுத்த வழக்கில், மருத்துவப் பயன்பாட்டுக்கான கஞ்சாவையும் நடுவண் அரசு தடைசெய்யலாம் என உச்ச நீதிமன்றம் 2005 இல் 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மாநில மருத்துவக் கஞ்சாச் சட்டங்கள் செயற்படுவதைத் தடுக்க நீதித்துறை நிதியைச் செலவிடலாகாது என்ற விதியைக் காங்கிரசு 2014 டிசம்பரில் நிறைவேற்றியது.

வேலைவாய்ப்பிலும் பாதுகாப்பு முழுமையானதன்று. பரிந்துரை பெற்ற ஊழியரையும் சோதனை முடிவைக் கொண்டு பணிநீக்கம் செய்யலாம் என மாநில உச்ச நீதிமன்றம் 2008 இல் கூறியது. 2024 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பணிக்கு வெளியிலான பயன்பாட்டுக்காக ஊழியர்களைப் பாகுபடுத்துவதைப் பெரிதும் தடுக்கிறது. கட்டுமானத் தொழில் உள்ளிட்ட சிலவற்றுக்கு விலக்கு உண்டு.

மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, கஞ்சாப் பயன்பாட்டை மட்டும் காரணம் காட்டி உறுப்பு மாற்றுச் சிகிச்சையை மறுப்பதை 2015 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. இறுதிநிலை நோயாளிகள் மருத்துவமனையில் புகை அல்லாத வடிவில் கஞ்சாவைப் பயன்படுத்த 2021 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இதற்கு நோயாளி தம் அடையாள அட்டையையோ மருத்துவரின் எழுத்துப் பரிந்துரையையோ காட்ட வேண்டும்.