முப்பது கிலோமீட்டருக்கு மூன்று நாள்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போ எவ்வளவு தூரம் என்று கேட்டால், இருநூறு கிலோமீட்டர் என்று யாரும் சொல்வதில்லை. 'ரெண்டு, ரெண்டரை மணி நேரம்' என்றுதான் பதில் வரும். தூரத்தை நேரத்தால் அளப்பது நம்மவர் வழக்கம். ஆனால் சரவாக் மலைநாட்டில் இந்தக் கணக்கு செல்லுமா?

பாரியோவும் பா கெலாலானும் அங்குள்ள இரண்டு சிறு விமான நிலையங்கள். பாரியோ கெலாபிட் மக்களின் ஊர், பா கெலாலான் லுன் பவாங் மக்களின் ஊர். இரண்டும் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில், இந்தோனேசிய எல்லையை ஒட்டி இருக்கின்றன. நேர்கோட்டில் இடைவெளி சுமார் 31 கிலோமீட்டர்தான். மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் டுவின் ஓட்டருக்கு இது ஏழு நிமிடத் தூரம். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் கால் மணி என்று வைத்துக்கொள்ளலாம். நடந்தால்? காடும் மலையும் ஏறி இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும். 2,424 மீட்டர் உயரமுள்ள முருட், சரவாக்கின் மிக உயர்ந்த சிகரம், அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

இந்த மலைநாட்டுக்கு விமானம் வந்த கதை போரில் தொடங்குகிறது. 1945 மார்ச் 25ஆம் நாள், டாம் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் தம் குழுவுடன் பாரியோ சமவெளியில் பாராசூட்டில் குதித்தார். ஜப்பானியருக்கு எதிராக மலைவாழ் மக்களைத் திரட்டுவது அவர் வேலை. குதித்தாகிவிட்டது, சரி. திரும்பிப் போக வழி? விமானம் இறங்க ஓர் ஓடுபாதை வேண்டுமே!

பின்னர் ஹாரிசன் தம் முகாமை பெலாவிட்டுக்கு மாற்றினார். அது பா கெலாலானுக்கு அருகே, எல்லைக்கு அப்பால் இருந்த டச்சுப் பகுதி. அங்கே சிமெண்டும் இல்லை, இயந்திரமும் இல்லை. இருந்தது மூங்கில். ஊர் மக்கள் மூங்கிலைப் பிளந்து வயல்மீது பரப்பி ஓடுபாதை அமைத்தார்கள். 1945 ஜூனில் ஆஸ்டர் எனும் சிறு விமானங்கள் அதில் இறங்கின.

யாருக்காக இத்தனை பாடு? 1944 நவம்பரில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானம் ஒன்றிலிருந்து உயிர் தப்பிய வீரர்களை, லுன் டாயே மக்கள் ஆறு மாதத்துக்கும் மேலாக ஒளித்து வைத்துச் சோறு போட்டார்கள். ஜப்பானியருக்குத் தெரிந்தால் ஊருக்கே ஆபத்து. அந்த வீரர்கள் வெளியேறியது இந்த மூங்கில் பாதை வழியாகத்தான். ஓடுபாதை என்றதும் ஹாரிசன் பெயர் நினைவுக்கு வருகிறது. மூங்கில் சுமந்த தோள்களுக்கு வரலாற்றில் பெயரில்லை.

போருக்குப் பிறகு, 1973இல் சரவாக்கில் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. அதற்கு முன் மலையில் ஒருவருக்கு நோய் முற்றினால், பெரும்பாலும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

மரம் வெட்டும் பாதைகள் இப்போது பாரியோவரை வந்துவிட்டன. மீரியிலிருந்து நான்கு சக்கர வண்டியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, மழை பெய்தால் இன்னும் கூடும். விமானத்தில் ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடமும் வானம் மனம் வைத்தால்தான். டுவின் ஓட்டர் விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தே இறங்க வேண்டும். பத்தொன்பது இருக்கைதான் என்பதால் மூட்டையை மட்டுமல்ல, பயணியையும் தராசில் நிறுத்தி எடை பார்ப்பார்கள். பாரியோ அரிசி மூட்டையோடு எடை பார்த்துக் காத்திருப்பவர், மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், மறுநாள் மீண்டும் வர வேண்டும்.