பொறியியற் கல்லூரி வாயிலில் நம் பிள்ளைகள்

வெள்ளிவிழா மலருக்குக் கல்வி வரலாறு பற்றி எழுதுமாறு சங்கத்தார் பணித்தபோது, நாம் பொறியியற் கல்வி ஒன்றையே எடுத்துக்கொண்டோம். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் நம் பிள்ளைகளும் பெற்றோரும் ஆண்டுதோறும் கேட்பவை இரண்டே கேள்விகள். இடம் கிடைக்குமா? கிடைத்த பாடப்பிரிவு பிடிக்காவிடில் பின்னர் மாற்றிக்கொள்ளலாமா?

1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதே இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரி. நெடுங்காலம் அங்கே சிவில் பொறியியல் மட்டுமே இருந்தது. இயந்திரப் பொறியியல் 1894-லும், மின் பொறியியல் 1930-லும் வந்தன. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் மண் சுமந்தோர் நம் முன்னோர். அளவுச் சங்கிலி பிடித்து வரைபடம் தீட்டியோர் வேறு மக்கள்.

1927-இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி உரிமை ஆணை, அரசுப் பணியிடம் பன்னிரண்டில் ஒன்றை நமக்கு அளித்தது. 1947-இல் அது திருத்தப்பட்டு, பதினான்கில் இரண்டாயிற்று. இம்முறையே கல்லூரிச் சேர்க்கையிலும் பின்பற்றப்பட்டது. 1950-இல் சென்னை மாகாணத்தின் நான்கு பொறியியற் கல்லூரிகளில் இருந்த இடங்கள் மொத்தம் 395. வெளிமாநிலத்தார்க்கு 21, அரசின் விருப்புரிமைக்கு 12 போக, எஞ்சியவற்றில் ஏழில் ஒரு பங்கு நமக்குரியது. ஐம்பதுக்குச் சற்று மேல். ஆயினும் கணிதமும் இயற்பியலும் எடுத்து இண்டர்மீடியட் தேறிய சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? ஆணை ஒரு வாயிலைத் திறந்தது. அவ்வாயில் வரை செல்லும் பாதை இல்லை.

அவ்வாயிலையும் அடைக்க வழக்கு வந்தது. செண்பகம் துரைராசன் வழக்கு எனப் பலரும் அறிவர். மருத்துவக் கல்லூரிக்கு அவ்வம்மையார் விண்ணப்பிக்கவே இல்லை என்பது தீர்ப்பிலேயே காணப்படும் செய்தி. உடன் தொடுக்கப்பட்ட சி.ஆர். சீனிவாசன் வழக்குத்தான் பொறியியலைப் பற்றியது. 450-க்கு 369 மதிப்பெண் பெற்றும் தமக்குக் கிண்டியில் இடமில்லை என்பது அவர் முறையீடு. 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. தமிழகத்தில் கிளர்ச்சி மூண்டது. இரண்டே திங்களில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, 15(4) என்னும் பிரிவு பிறந்தது. இன்று கலந்தாய்வில் நம் பிள்ளை அரசுக் கல்லூரியில் பெறும் ஒதுக்கீட்டு இடம் அப்பிரிவின் மேல் நிற்கிறது.

பணத்தின் கதை வேறு. 1942-இல் அண்ணல் அம்பேத்கர் வைசிராயிடம் அளித்த குறைமனுவில் உயர்கல்வி உதவித்தொகையோடு, அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்க்குத் தொழிற்பயிற்சியும் கேட்டார். பட்டறைக்கும் நமக்கும் உள்ள தொலைவை அவர் அன்றே அளந்திருந்தார். 1944-இல் உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று.

1971-இல் நம் ஒதுக்கீடு 16 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று. 1990-இல் பழங்குடியினர்க்குத் தனியே 1 விழுக்காடு வகுக்கப்பட்டது. 2009-இல் பதினெட்டுக்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. இடையே 1984-இல் புகுத்தப்பட்ட நுழைவுத் தேர்வு நகரத்துப் பயிற்சி நிலையங்களை வளர்த்தது. சிற்றூர்ப் பிள்ளைகளைத் தளர்த்தியது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது ஒழிந்தது. இப்போது கணிதத்திற்கு 100, இயற்பியல், வேதியியலுக்கு ஐம்பது ஐம்பது என 200-க்குக் கணக்கிடுகின்றனர். 2021 முதல் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அவர்தம் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தனியார் ஆங்கிலப் பள்ளிக்காகக் கடன்படும் பெற்றோர் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம்மிடையே ஒரு தவறான எண்ணம் வேரூன்றியுள்ளது. 18 விழுக்காடே நமக்குரிய எல்லை என்று கருதுகின்றனர். அன்று! தரவரிசையில் முன்னிற்கும் நம் மாணவர் பொதுப்பிரிவு இடத்தையே பெறுவர். அது நம் ஒதுக்கீட்டில் கழிக்கப்படாது.

இனிப் பாடப்பிரிவு மாற்றம். “எதிலாவது சேர்ந்துவிடு, அடுத்த ஆண்டு கம்ப்யூட்டருக்கு மாறலாம்” என்று அறிவுரை கூறுவோர் ஊருக்கு நால்வர் உளர். இதை நம்பிச் சேருதல் கூடாது. மாற்றம் வேண்டின் விரும்பும் பிரிவில் காலியிடம் இருத்தல் வேண்டும். எல்லோரும் விரும்பும் பிரிவில் காலியிடம் எங்ஙனம் வரும்? ஐ.ஐ.டி.க்களில் முதலாண்டுத் தேர்ச்சியைக் கொண்டு மாற்றம் தரும் வழக்கம் இருந்தது. முதலாண்டு முழுதும் மாணவர் அதே கவலையில் உழல்கின்றனர் என்பதால் சில ஐ.ஐ.டி.க்கள் அண்மையில் அதனைக் கைவிட்டன.

ஆகவே கலந்தாய்வில் அளிக்கும் விருப்பப் பட்டியலின் வரிசையே உண்மையான வாய்ப்பு. எத்தனை விருப்பங்களை வேண்டுமாயினும் எழுதலாம். மிக விரும்புவது முதலில் நிற்றல் வேண்டும். “இது நமக்குக் கிடைக்காது” என அஞ்சி அதனைக் கீழே தள்ளுவதால் பயன் ஏதுமில்லை. பட்டியலைப் பூட்டுமுன் ஆசிரியரிடம் ஒருமுறை காட்டுக.

விரும்பாத பிரிவில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டோர்க்கும் வழியுண்டு. அண்ணாப் பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி கூடுதலாக 18 மதிப்பலகுகள் பயின்று, வேறொரு துறையைத் துணைப்பாடமாகப் பட்டத்திலேயே சேர்க்கலாம். கேட் தேர்வெழுதி முதுநிலையில் அடுத்த துறைக்குச் செல்வோரும் உளர். சிவிலும் மின்னியலும் பழைய பிரிவுகள் என இகழ்வோர், பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, மின்வாரியம் ஆகியவற்றின் உதவிப் பொறியாளர் பணிக்கான அறிவிப்புகளை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். அங்கே எந்தப் பட்டம் கேட்கப்படுகிறது என்பது விளங்கும்.