மூன்றாவது பிரேக் விளக்கு
1974இல் சான் பிரான்சிஸ்கோ வாடகைக் கார்களின் பின்புறத்தில் கூடுதல் விளக்கொன்றைப் பொருத்திச் சோதித்த உளவியலாளர் ஜான் வோவோட்ஸ்கி, பின்மோதல்கள் பாதிக்கும் மேல் குறைந்ததாகக் காட்டியபின், அமெரிக்க அரசு மேலும் சோதனைகள் நடத்தி, 1986ஆம் ஆண்டு மாடல் முதல் புதிய கார்களில் உயரமான நடுவிளக்கைக் கட்டாயமாக்கியது.

பழுதுபார்ப்போருக்கும் இது உதவியது. அமெரிக்கக் கார்கள் பலவற்றில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பல்பின் ஒரே இழை எரிந்ததால், மின்னோட்டம் ஸ்டியரிங் தண்டிலுள்ள இண்டிகேட்டர் சுவிட்ச் வழியாகவே பின்னால் சென்றது. நடுவிளக்கோ பிரேக் சுவிட்சிலிருந்து, அதாவது பெடலை மிதித்ததும் மின்சுற்றை இணைக்கும் சிறு பொத்தானிலிருந்து, நேரே மின்சாரம் பெற்றது. ஆகவே அது எரிந்து, பக்க விளக்குகள் இரண்டும் எரியாவிட்டால் முதலில் ஐயுற வேண்டியது இண்டிகேட்டர் சுவிட்சை. மூன்றுமே எரியாவிட்டால் ஃபியூஸையோ பிரேக் சுவிட்சையோ. பின்மோதல் குறைப்பு மட்டும், நடுவிளக்கு ஓட்டுநர்களுக்குப் பழகிவிட்டபின், ஏறத்தாழ 4 சதவீதத்தில் நின்றது.