கோடபதியும் முளரியாழும்

மக்கட்குப் பெயரிடுதல் உலகியல். ஊர்க்கும் ஆற்றிற்கும் பெயரிடுதலும் இன்றியமையாததே. ஓரூரை மற்றோரூரினின்றும் பிரித்தறியாவிடின் வழிநடை நிகழாது. ஆயின், கையிற் பிடிக்கும் வில்லிற்கும் வாயில் வைத்தூதும் சங்கிற்கும் மடியிற் கிடத்தி மீட்டும் யாழிற்கும் தனிப்பெயர் வழங்குவானேன்? ஒருவனிடத்து ஒரு வில்லே உளதாயின், 'வில்' என்ற அளவில் அது விளங்கிவிடும். எனவே, இவ்வகைப் பெயரீடு தேவையினின்றும் பிறந்ததன்று, பற்றினின்றும் பிறந்தது.

மட்டக்களப்பு வாவியின் தென்கோடியை அடுத்துள்ள பாண்டிருப்பிலே திரௌபதையம்மன் கோயில் உண்டு. ஆண்டுதோறும் அங்கே பாரதக்கதை படிக்கப்பெறும். பாண்டவர் வனவாசம் நடித்துக் காட்டப்பெறும். ஈற்றில் தீமிதிப்பு நிகழும். அக்கதையைக் கேட்டு வளர்ந்தார்க்குப் பொருள்களின் பெயர்கள் புதியனவல்ல. போர்த் தொடக்கத்திலே கண்ணன் ஊதியது பாஞ்சசன்னியம், அருச்சுனன் ஊதியது தேவதத்தம், வீமனது பௌண்டரம், தருமனது அனந்தவிசயம், நகுலனது சுகோடம், சகாதேவனது மணிபுட்பகம். சங்கு யாவும் ஒரே தொழிலையே செய்வன. பெயர்களோ வெவ்வேறு நினைவைத் தாங்குவன. பஞ்சசனன் என்னும் அசுரனிடத்துக் கிடைத்த வரலாற்றைக் கண்ணன் சங்கு கூறும். தெய்வம் தந்ததென்பதை அருச்சுனன் சங்கு கூறும். முடிவிலா வெற்றி என்பது தருமனின் வேட்கை. நல்லோசை என்பது நகுலனின் சங்கிற்குரிய பண்பு. ஆகவே வந்த வழி, தந்தவர், உடையவர் விருப்பம், பொருளின் குணம் என்னும் இவற்றுள் யாதேனும் ஒன்றைப் பெயர் காத்து நிற்கின்றது. ஐரோப்பியரும் இந்நெறிக்குப் புறம்பானவரல்லர். சார்லமேன் மன்னனின் வாளுக்குக் களிப்பெனப் பொருள்படும் 'சுவாயூசு' என்னும் பெயர் வழங்கிற்று. இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1716இல் இயற்றிய வயலின் ஒன்று 'மெசையா' என்ற பெயருடன் ஒக்ஸ்போர்ட் நகரில் இன்றும் பேணப்படுகின்றது.

தமிழிலக்கியத்தில் இவ்வாறு தனிப்பெயர் பெற்ற கருவிகளுட் சிறந்தது கோடபதி. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையின் தலைவன் உதயணன் கைக்கொண்ட யாழ் இது. முதலும் இறுதியும் சிதைந்து கிடைத்த அப்பெருநூலை உ. வே. சாமிநாதையர் 1924இல் அச்சேற்றினார். வடமொழியார் அக்கருவியைக் கோஷவதி என்பர். ஒலியுடையாள் என்பது பொருள். பெண்பாற் பெயராயிருத்தல் கருதத்தக்கது. மதங்கொண்ட நளகிரி என்னும் யானையை உதயணன் அடக்கியது இவ்யாழினாலே. வாசவதத்தைக்கு இசை பயிற்றியதும் இவ்யாழினாலே. பின்னர் அது காட்டிலே தவறிப்போய், நெடுநாள் கழித்து மீண்டது. வத்தவ காண்டத்துள் 'யாழ் பெற்றது' எனத் தனியொரு பகுதியே இதற்கென அமைந்துளது. இதே நிகழ்ச்சியைப் பாசகவி தம் சொப்பனவாசவதத்தத்தின் இறுதி அங்கத்தில் எடுத்தாள்கின்றார். தேவி இறந்தாளென்று நம்பியிருக்கும் உதயணன், மீண்டு வந்த வீணையை நோக்கி, அவள் மடியிலே துயின்ற நீ பறவைகள் புழுதி படியச்செய்த காட்டிலே எங்ஙனம் தங்கினாய் என வினவுகின்றான். பெயரற்ற மரத்துண்டொன்றை இவ்வாறு வினவுதல் அரிது. பெயருடைமையால் அது துயரைப் பகிரும் மூன்றாமவளாயிற்று.

கோடபதி ஒரு யாழின் பெயர். பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பன யாழ்வகைகளின் பெயர்கள். முறையே 21, 19, 14, 7 நரம்புகள் இவற்றிற்குரியனவென உரைமரபு கூறும். காலப்போக்கில் வீணை மேலோங்க, யாழ் வழக்கொழிந்தது. பொருள் மறைந்தது, பெயர் மட்டும் ஏட்டிலே எஞ்சிற்று. எஞ்சிய பெயரைப் பற்றிக்கொண்டு பொருளைத் தேடப் புறப்பட்டவர் மட்டக்களப்பு நாட்டிற் பிறந்தார் என்பது அந்நாட்டார்க்குரிய பெருமை.

காரைதீவில் 1892இல் தோன்றிய மயில்வாகனனார் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. துறவு பூண்டபோது பிரபோத சைதன்யர் எனப் பெயர் பெற்று, 1924இல் விபுலாநந்தர் ஆனார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் எழுந்த கல்விக்கூடத்திற்குத் தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயம் எனப் பெயரமைத்தார். பெயரின் அருமையை அறிந்தவரே இங்ஙனம் செய்வர்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் அடிப்படையாகக் கொண்டு, நரம்புகளின் நீளத்தையும் சுருதிகளின் அளவையும் கணித முறையால் வரையறுத்து அடிகளார் எழுதிய யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 ஜூன் மாதம் 5, 6ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. நூலோடு கருவிகளும் அவைக்கு வந்தன. முளரியாழ், சுருதிவீணை, பாரிசாதவீணை, சதுர்தண்டிவீணை என்பன அவற்றின் பெயர்கள். முளரி தாமரை; பாரிசாதம் விண்ணுலக மலர்; சதுர்தண்டி என்பது வேங்கடமகியின் இசைநூற் பெயரை நினைவூட்டுவது. ஆராய்ச்சியின் பயனாய் எழுந்த கருவிகளை 'முதற்கருவி', 'இரண்டாங் கருவி' எனக் குறித்தொழியலாம். ஆய்வுக்கூடத்தில் அதுவே முறை. அவ்வாறு செய்யாது மலர்ப்பெயர் சூட்டியமை, அவை காட்சிப்பொருள்களல்ல, மடியேறி இசைக்க வேண்டியவை என்னும் எண்ணத்தைக் காட்டுகின்றது. அவ்வெண்ணம் முற்றும் நிறைவேறிற்றென்று கூறுதற்கில்லை. நாற்பத்துமூன்று நாள் கழித்து, 1947 ஜூலை 19இல், அடிகளார் மறைந்தார். இசையரங்குகளில் வீணையின் இடத்தை யாழ் மீளப் பெறவில்லை. அண்மை ஆண்டுகளில் இளங்கலைஞர் சிலர் மீண்டும் யாழ் செய்ய முற்பட்டிருத்தல் ஆறுதல் தருவது.

பெயர் மாற்றப்பட்டால் நேர்வது யாது? வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்குப் பெற்றார். தமிழ் மாலுமிகள் செலுத்த, அது 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர்த் துறையை அடைந்தது. அங்கு அதன் பெயர் உரிமையாளரின் மனைவி பெயரான புளோரன்ஸ் றொபின்சன் என்பது. கட்டிய ஊரார் வாயிலோ அது அன்னபூரணியே. வாவிக்குக் குறுக்கே 1924இல் திறக்கப்பெற்ற பாலத்திற்கும் இதனையொத்த கதையுண்டு. ஆட்சியாளர் அதற்குத் தேசாதிபதி மனைவியார் பெயரால் 'லேடி மானிங் பாலம்' எனப் பெயரிட்டனர். மக்கள் அதனைக் 'கல்லடிப் பாலம்' என்றனர். 2013இல் அருகே புதுப்பாலம் எழுந்தபின்னும் மக்களிட்ட பெயரே நிலைபெற்றுளது. ஆணையால் இட்ட பெயர் கல்லிலும் ஏட்டிலும் இருக்கும். நாவில் இருப்பது வேறு.

அப்பாலத்தின் கீழேதான், முழுநிலவு இரவுகளில் தோணியிற் சென்று துடுப்பை நீருள் அமிழ்த்திச் செவியைச் சேர்த்தால், ஒருவகை இன்னொலி கேட்கும் என்பர். மட்டக்களப்பார் அதனைப் பாடும்மீன் என்றனர்; தம் நாட்டையும் மீன்பாடும் தேன்நாடு என்றனர். ஊரிகளே ஒலிப்பன என்பாரும் உளர். விபுலாநந்தரோ அவ்வொலியை நீரரமகளிரின் பாட்டாகக் கற்பித்துக் கவிதை செய்தார். யாழின் திறத்திலே பெயர் இருந்தது, பொருள் மறைந்தது. வாவியின் திறத்திலே ஒலி உண்டு, ஒலிப்பது கண்ணிற் படவில்லை; பெயர் மட்டும் முந்திக்கொண்டது. அடிகளார் துயிலும் சமாதி அவ்வாவிக்கு அண்மையில், சிவானந்த வித்தியாலய வளவிலே உள்ளது.